மீண்டவனுக்கு வாய்க்காத காதல்: ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் போர், பிரிவு, நினைவேக்கம்

ஆய்வுச் சுருக்கம்

போர்க்காலத்தில் அரும்பிய முதல் காதலை நினைவேக்கத்தோடு சொல்லும் கதைகள் உலகத் திரைப்படத்தில் தனி வகையாக வளர்ந்துள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற பலவும் போருக்குச் சென்றவன் திரும்பாமையை மையமாகக் கொண்டவை. இரண்டாம் உலகப்போரில் தமிழர் பெருமளவில் பாதிக்கப்பட்டிருந்தும், அக்காலத் தமிழ்த் திரைப்படம் அத்தகைய கதைக்கு இடமளிக்கவில்லை. அந்த இடத்தை நிரப்புவது ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ என்னும் நாவல். இந்நாவலில் போருக்குச் சென்றவன் உயிரோடு திரும்புகிறான், காதலியும் காத்திருக்கிறாள், ஆயினும் காதல் கைகூடுவதில்லை. அகத்திணை மரபின் பகைவயிற் பிரிவு, பொருள்வயிற் பிரிவு என்னும் இரண்டும் இங்கு ஒன்றையொன்று முறிப்பதே இதற்குக் காரணம் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ப. சிங்காரம், கடலுக்கு அப்பால், புலம்பெயர்வு, இந்திய தேசிய ராணுவம், வட்டிக்கடை, முல்லை, பாலை, நினைவேக்கம்.

முன்னுரை

சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராயின் ‘பேலட் ஆஃப் எ சோல்ஜர்’ 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. பத்தொன்பது வயதுப் படைவீரன் அல்யோஷா தாயைக் காணச் சில நாள் விடுப்பில் புறப்படுகிறான். வழியில் சரக்கு ரயிலில் ஷூராவைச் சந்திக்கிறான். இருவரிடையே காதல் அரும்பும் முன்பே பிரிவு வந்துவிடுகிறது. அவன் போரிலிருந்து திரும்பவில்லை என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதனால் அவனது ஒவ்வொரு சிரிப்பையும் பார்வையாளர் துயரத்தோடு காண்கிறார். மிகையில் கலடோசவின் ‘தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்’ (1957) படத்தில் வெரோனிகாவின் காதலன் போரிஸ் போர்முனையில் இறக்கிறான். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் மல்லிகனின் ‘சம்மர் ஆஃப் ஃபார்ட்டி டூ’ (1971) படத்தில் ஒரு கணவன் போரில் மாண்ட செய்தி, சிறுவன் ஒருவனின் கோடைக்காலத்தையே முடித்துவைக்கிறது. வளர்ந்து முதிர்ந்தவனின் குரல் அக்கதையைச் சொல்கிறது.

நாடும் அரசியலும் வேறாயினும் இம்மூன்று படங்களுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. சென்றவன் திரும்புவதில்லை. அவன் திரும்பாமையால் காதல் மாசுபடாமல் எஞ்சுகிறது. இல்லறத்தின் அன்றாடச் சலிப்பும் வறுமையும் மூப்பும் அதைத் தீண்டுவதில்லை. இழப்பின் பழி முழுவதையும் போர் ஏற்றுக்கொள்கிறது. எஞ்சியோர்க்கு நினைவு மட்டும் கிடைக்கிறது. இவ்வகைப் படங்களின் நினைவேக்கம் இந்தத் தூய்மையிலிருந்தே பிறக்கிறது.

சென்றவன் திரும்பிவந்தால் இக்கதை என்னவாகும் என்னும் வினாவை இப்படங்கள் எழுப்புவதில்லை. அதை எழுப்பிய தமிழ்ப் படைப்பு ‘கடலுக்கு அப்பால்’. இந்நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சிங்காரத்தின் இரண்டாம் நாவலான ‘புயலிலே ஒரு தோணி’க்கு முன்னோட்டம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. முதல் நாவலின் எளிய காதல் கதை, இரண்டாம் நாவலின் விரிந்த களத்தின் முன் சிறுத்துத் தோன்றுவது இயல்பே. எனினும் அந்த எளிமைக்குள் தமிழ் அக மரபையே மறுபரிசீலனை செய்யும் சிக்கல் ஒன்று பொதிந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ்த் திரையில் அப்போர்

இரண்டாம் உலகப்போர் தமிழர்க்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சுமத்திராவிலும் தமிழர் தோட்டத் தொழிலாளராகவும் துறைமுகக் கூலிகளாகவும் எழுத்தர்களாகவும் வட்டித் தொழில் செய்வோராகவும் வாழ்ந்தனர். 1941 டிசம்பரில் பினாங்கு குண்டுவீச்சுக்கு ஆளாகி, அம்மாதத்திலேயே ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து பெருங்கூட்டம் கப்பலிலும் கால்நடையாகவும் தாயகம் நோக்கி வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையிலிருந்தும் மக்கள் உள்ளூர்களை நோக்கி வெளியேறினர்.

தமிழ்த் திரைப்படம் இதனை உடனே எடுத்துக்கொண்டது. ஆனால் தன் விருப்பப்படி அன்று. படச்சுருள் தட்டுப்பாட்டால் படங்களின் நீளம் 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களைத் தயாரிக்குமாறு அரசு படமுதலாளிகளை நெருக்கியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’, கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’ ஆகியவை 1945இல் வெளிவந்தன. இவை ஆட்சியாளரின் நோக்கில் எடுக்கப்பட்ட படங்கள். இவற்றில் ஜப்பானியர் பகைவர். அவரை எதிர்ப்பது கடமை. காதல் அக்கடமைக்குத் துணையாக வருவதன்றித் தனக்கென வாழ்வு கொண்டதன்று. ஜப்பானியரின் துணையோடு ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தமிழ் இளைஞனுக்கு இப்படங்களில் இடமிருக்க வாய்ப்பில்லை.

விடுதலைக்குப் பின் வந்த ‘பராசக்தி’ (1952) ரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்தைக் காட்டுகிறது. போர் அக்குடும்பத்தைச் சிதறடிக்கிறது. ஆயினும் படத்தின் அக்கறை போரின்மேல் இல்லை. தாயகம் திரும்பும் குணசேகரன் காணும் வறுமையும் வஞ்சகமுமே அதன் பொருள். கடலுக்கு அப்பாலிருந்து வருபவன் தாயகத்தை அளக்கும் அளவுகோலாகிறான். அவன் விட்டுவந்த இடத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

அக்காலத் திரை இவ்வாறு ஒருபுறம் பரப்புரையாகவும் மறுபுறம் சமூக விமர்சனமாகவும் போரைப் பயன்படுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையில், அக்கரையிலேயே வளர்ந்து, அங்கேயே காதலித்து, அங்கேயே படையில் சேர்ந்து, அங்கேயே தோற்ற ஓர் இளைஞனின் கதை விடுபட்டுப்போயிற்று. அதனை எழுதியவர் அங்கிருந்து திரும்பிய ஒருவர்.

ஆசிரியரும் நாவலும்

ப. சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல் சுமத்திராத் தீவின் மெடான் நகருக்கு வேலைக்குச் சென்றார். போர்க்காலம் முழுவதையும் தென்கிழக்காசியாவில் கழித்து 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 1950ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ‘கடலுக்கு அப்பால்’, கலைமகள் இதழின் நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் கதை சுருக்கமானது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனாவின் கடையில் வேலை பார்த்தவன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். அது பெரியவர்களுக்கு முற்றிலும் உடன்பாடற்ற ஒன்றாகவும் தொடங்கவில்லை. போர் வருகிறது. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்தபின் பினாங்குக்குத் திரும்புகிறான். படையில் இருந்துவந்தவன் வட்டித் தொழிலுக்குத் தகுந்தவன் அல்லன் என வானாயீனா கருதுகிறார். மகளை நாகலிங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்கிறார். நண்பன் மாணிக்கம் செல்லையாவைத் தேற்றுகிறான். செல்லையா இழப்பை ஏற்றுக்கொள்கிறான்.

இக்கதையில் வஞ்சகன் இல்லை. சாதித் தடையோ பகைக் குடும்பமோ இல்லை. குண்டுவீச்சில் காதலர் மாளவில்லை. காதலுக்குத் தடையாக வழக்கமாகக் காட்டப்படும் காரணங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டபின் எஞ்சுவது ஒன்றே: போருக்குப் போனவன் போவதற்கு முன்பிருந்தவன் அல்லன் என்னும் உண்மை.

பகைவயிற் பிரிவும் பொருள்வயிற் பிரிவும்

தொல்காப்பியம் பிரிவைப் பாலைத்திணையின் உரிப்பொருளாகவும், இருத்தலை முல்லைத்திணையின் உரிப்பொருளாகவும் வகுக்கிறது. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது, பொருள் முதலியன கூறப்படுகின்றன. இவற்றுள் அகப்பாடல்களில் மிகுதியும் பயின்றுவருவன பொருள்வயிற் பிரிவும் வேந்தன் பொருட்டுப் போருக்குச் செல்லும் பிரிவுமாகும். சுரம் கடந்து பொருள் தேடச் செல்லுதல் பாலைப் பாடல்களின் களம். பாசறையிலிருந்து கார்காலத்தில் மீளுதல் முல்லைப் பாடல்களின் களம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் தலைவி ஆற்றியிருக்கிறாள். தலைவன் வென்று மீள்கிறான். காத்திருப்புக்கும் மீட்சிக்கும் இடையிலான இந்த உறுதிப்பாடே முல்லையின் அறம்.

இரு பிரிவுகளும் தலைவனின் கடமைகளாகவே மரபில் கொள்ளப்பட்டன. பொருள் ஈட்டி வருபவன் இல்லறத்தை வளப்படுத்துகிறான். போர் முடித்து வருபவன் புகழோடு வருகிறான். இரண்டும் தலைவனின் தகுதியைக் கூட்டுவன. ஒரு பிரிவு மற்றொரு பிரிவின் பயனை அழிக்கும் என்ற எண்ணம் அம்மரபில் காணக்கிடைப்பதில்லை.

சிங்காரத்தின் நாவல் அந்த இடத்தில்தான் மரபிலிருந்து விலகுகிறது. செல்லையா பினாங்கில் இருப்பதே பொருள்வயிற் பிரிவின் விளைவு. தாயகத்தை விட்டு வந்ததன் நோக்கம் தொழில் கற்றுப் பொருள் ஈட்டி உயர்தல். அந்தப் பிரிவுக்குள் அவன் மற்றொரு பிரிவை மேற்கொள்கிறான், படைக்குப் போகிறான். முல்லைத் தலைவனைப் போல அவன் திரும்பியும் வருகிறான். முல்லைத் தலைவியைப் போல மரகதமும் காத்திருக்கிறாள். மரபின்படி கதை இங்குக் கூடலில் முடியவேண்டும். ஆனால் பகைவயிற் பிரிவு அவனுக்குத் தந்த தகுதிகள், பொருள்வயிற் பிரிவு அவனிடம் எதிர்பார்த்த தகுதிகளை அழித்துவிட்டன. துணிவும் நிமிர்வும் கட்டளையிடும் குரலும் பாசறையில் சிறப்பு, கடையில் குறை.

கடலுக்கு அப்பால் என்னும் தலைப்பும் இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. மகளிரோடு கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் பதிவு செய்யும் மரபு. தலைவி கரையில் இருக்க, தலைவன் கடல் கடப்பதே அந்த உலகின் நிலை. வட்டித் தொழில் செய்தோரும் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டு, தவணைக் கணக்கில் அக்கரை சென்று மீண்டனர். இந்நாவலிலோ தலைவி அக்கரையில் இருக்கிறாள். திரும்பிச் செல்லவேண்டிய வீடும், பிரிந்து சென்ற வெளியும் ஒரே ஊராகிவிட்டன. எனவே செல்லையா பினாங்கை இழக்கும்போது காதலியை மட்டும் இழக்கவில்லை. மீள்வதற்குரிய இடத்தையும் இழக்கிறான்.

பேரேட்டில் ஏறாத ஆண்டுகள்

வானாயீனாவின் மறுப்பைத் தந்தையின் பிடிவாதமாக மட்டும் கொள்வது நாவலை எளிமைப்படுத்துவதாகும். அவரது மறுப்புக்குப் பின்னால் ஒரு தொழிலின் ஒழுக்கம் உள்ளது. வட்டிக்கடை என்பது தரையில் விரித்த பாயும் கைப்பெட்டியும் பேரேடும் கொண்ட சிறிய இடம். ஒரே கிட்டங்கியில் பல கடைகள் அடுத்தடுத்து அமைவதுண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் அடுத்தாளாக உயர்ந்து, மேலாளாகிப் பின்னர் தனிக்கடை காண்பது அத்தொழிலின் ஏணி. அந்த ஏணியில் ஏறுவதற்கு வேண்டியவை பணிவு, பொறுமை, சிக்கனம், கணக்கில் பிழையின்மை, சொல் அடக்கம். கடைக்காரரின் சொந்தப் பெயர்கூட மறைந்து, தொழில் விலாசத்தின் எழுத்துகளே அழைக்கும் பெயராகிவிடும். ‘வானாயீனா’ என்ற பெயரே மனிதன் தொழிலுக்குள் கரைந்ததன் அடையாளம்.

இந்த உலகில் மனிதனின் மதிப்பு நம்பகத்தால் அளக்கப்படுகிறது. நம்பகம் என்பது நாளைக்கும் இவன் இன்றுபோலவே இருப்பான் என்னும் உறுதி. போரோ மனிதனை மாற்றுகிறது. செல்லையா நேர்மையற்றவனாகிவிட்டான் என்று வானாயீனா கருதவில்லை. அவன் மாறிவிட்டான் என்பதே அவரது கணிப்பு. அக்கணிப்பு தவறன்று என்பதுதான் நாவலின் கூர்மை.

வரலாற்றுச் சூழலும் அவரது அச்சத்துக்கு நியாயம் சேர்க்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் வெளியிட்ட பணத்தாள்கள் நாளடைவில் மதிப்பிழந்து, அவர்கள் சரணடைந்ததும் வெற்றுத்தாள் ஆயின. போருக்கு முன் வாங்கிய கடனை அந்தத் தாள்களைக் கொடுத்துத் தீர்த்தவர்கள் இருந்தனர். அவ்வாறு தீர்த்தது செல்லுமா என்ற வழக்கு போருக்குப் பின்னும் நீடித்ததால், மலாயாவில் 1948இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நாணயமே நாணயம் தவறிய காலம் அது. பேரேட்டில் எழுதியது நிலைக்கும் என்ற நம்பிக்கை தகர்ந்தபின், வணிகர் தம் மகளின் வாழ்வையாவது உறுதியான கையில் ஒப்படைக்க விழைவது இயற்கை. நாகலிங்கம் அவருக்கு அத்தகைய கை. செல்லையா போர் அவரிடம் திருப்பித் தந்த, மதிப்புக் கணிக்க முடியாத ஒரு நாணயம்.

படையின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவன் நிலை இதுவே. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், மலேயாத் தமிழர் பெருந்தொகையினராக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தற்காலிகச் சுதந்திர அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் கடைப் பையன்களும் அங்கு வீரர்களும் அதிகாரிகளுமாயினர். பிறர் வைத்த பெயரால் வாழ்ந்தவர்கள் முதன்முறையாகத் தம் பெயரைத் தாமே உச்சரித்த காலம் என அதனைக் கூறலாம். ஆனால் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அந்தப் படை ஒரே நாளில் எவருடைய படையும் இல்லாததாயிற்று. திரும்பிவந்த ஆங்கில ஆட்சிக்கு அவர்கள் பகைவரின் கூட்டாளிகள். பழைய முதலாளிகளுக்கு அவர்கள் கட்டுக்கடங்காதவர்கள். விடுதலை பெற்ற இந்தியாவும் அவர்களைத் தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. செல்லையாவின் படை ஆண்டுகளைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எந்தப் பேரேடும் முன்வரவில்லை. காதலின் தோல்வி இந்தப் பெருந்தோல்வியின் வீட்டளவிலான வடிவம்.

உடன்போக்கு நிகழாமை

பெற்றோர் உடன்படாதபோது அக மரபு காதலர்க்குத் தரும் வழி உடன்போக்கு. தோழி அறத்தொடு நிற்றலும் அதனோடு இயைந்த வழி. செல்லையா போர்முனை கண்டவன், அஞ்சுபவன் அல்லன். மரகதம் அவனை விரும்புகிறாள். எனினும் இருவரும் பெரியவர்களை மீறிப் புறப்படுவதில்லை.

இதனைக் கோழைமை என்றோ, 1950களின் குடும்ப ஒழுக்கத்துக்கு நாவலாசிரியர் செய்த சமரசம் என்றோ கொள்ள இடமுண்டு. கலைமகள் பரிசு பெற்ற நாவல் என்பதால் இரண்டாவது கருத்து எளிதில் எழக்கூடும். ஆயினும் நாவலின் அமைப்பு வேறு காரணத்தைச் சுட்டுகிறது. செல்லையா முழுவதும் படைவீரனாக மாறியிருந்தால் மரகதத்தை அழைத்துச் செல்வது அவனுக்கு இயல்பாயிருக்கும். முழுவதும் கடைக்காரனாகவே இருந்திருந்தால் திருமணமே தடைப்பட்டிராது. அவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். தன்னை வளர்த்த கடையின் உப்பும், காமாட்சியம்மாளின் தாய்மை கலந்த பரிவும் அவனுக்குள் இன்னும் இருக்கின்றன. முதலாளியின் வீட்டுப் பெண்ணைக் கவர்ந்து செல்லுதல் பேரேட்டைத் திருடுவதற்கு நிகர் என்னும் கடைப் பையனின் உணர்வு, படைவீரனின் துணிவை மடக்கிவிடுகிறது. வானாயீனா அவனிடம் இல்லை என்று கருதிய பணிவு, அவரது முடிவை அவன் ஏற்கும் கணத்தில் முழுமையாக வெளிப்படுகிறது. அவன் தகுதியானவன் என்பதற்கான சான்று, அவன் தகுதியற்றவன் என்ற தீர்ப்பை அவன் ஏற்றுக்கொள்ளும் முறையிலேயே கிடைக்கிறது. இந்த முரண் நாவலின் உச்சம்.

மாணிக்கத்தின் பங்கை இந்த நோக்கில் காண வேண்டும். மரபில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு; காமம் மிக்க தலைவனை இடித்துரைப்பது அவன் கடமை. பழந்தமிழ் இலக்கியத்தில் தோய்ந்த மாணிக்கம் அந்தப் பாங்கனின் புது வடிவம். அவன் காதலைச் சேர்த்துவைப்பவனாக இல்லை. இழப்பைத் தாங்கக் கற்பிப்பவனாக இருக்கிறான். மனத்தை இழக்காதவன் எதையும் இழந்தவன் அல்லன் என்னும் பொருள்பட அவன் சொல்லும் தேற்றம் இந்நாவலின் வாசகர் பலரும் நினைவிற் கொள்வது. அதனை வாழ்க்கைத் தத்துவமாக மட்டும் வாசிப்பதைவிட, தோற்ற படையொன்றின் வீரன் மற்றொரு வீரனுக்குச் சொல்லும் சொல்லாக வாசிப்பது பொருந்தும். நிலமும் பணமும் படையும் பெண்ணும் கைவிட்டபின் எஞ்சிய ஒரே உடைமை மனம் என்பது அவர்களுக்குத் தத்துவம் அன்று, இருப்புக் கணக்கு.

நினைவேக்கத்தின் இருப்பிடம்

முன்னுரையில் சுட்டிய படங்களுள் இரண்டில் நினைவேக்கத்துக்குக் கதைசொல்லும் குரல் ஒன்று துணைநிற்கிறது. ஆண்டுகள் கடந்தபின் பேசும் முதியவனோ, முடிவை முன்கூட்டியே அறிவிக்கும் கதைசொல்லியோ அங்குண்டு. ‘கடலுக்கு அப்பால்’ படர்க்கையில் சொல்லப்படுகிறது. செல்லையாவின் பிற்கால வாழ்விலிருந்து எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் முதியவனாகி மரகதத்தை எண்ணி ஏங்கினானா என்பதை நாவல் சொல்வதில்லை. இழப்பு நிகழும் கணத்தோடு கதை நின்றுவிடுகிறது.

எனினும் நாவல் நினைவேக்கம் நிறைந்ததாகவே வாசகர்க்குத் தோன்றுகிறது. காரணம், ஏக்கம் பாத்திரத்திடமிருந்து சூழலுக்கு இடம் மாறியிருப்பதே. பினாங்கின் தெருக்கள், கடை வழக்குகள், பேச்சில் விரவும் மலாய்ச் சொற்கள், அக்கரைத் தமிழனின் நடையுடை ஆகியவை மீண்டும் காணவியலாத ஒன்றைப் பதியவைக்கும் கவனத்தோடு எழுதப்பட்டுள்ளன. எழுதியவர் தாயகம் திரும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் விட்டுவந்த வட்டிக்கடை உலகம் போர் தொடங்கியபோதே முடிவை நெருங்கியிருந்தது. செல்லையா மரகதத்தை இழப்பதும், வானாயீனாக்களின் உலகம் தன்னை இழப்பதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். முதலாளி மகளின் எதிர்காலத்தை ஒப்படைக்கும் அந்த உறுதியான தொழிலுக்கே எதிர்காலம் இல்லை என்பதை 1959இன் வாசகர் அறிந்திருக்கக்கூடும், வானாயீனா அறியார். இந்த இடைவெளியில்தான் நாவலின் ஏக்கம் தங்கியிருக்கிறது.

இரண்டாம் நாவலில் இந்த முறை மேலும் விரிகிறது. அங்குப் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் பெருக்கெடுக்கின்றன. மெடானில் இருப்பவன் மதுரையை நினைக்கிறான். அவனை எழுதுபவர் மதுரையில் இருந்து மெடானை நினைக்கிறார். ஏக்கம் இருகரைக்கும் இடையே ஓயாது ஊசலாடுகிறது. முதல் நாவலின் சுருங்கிய காதல் கதை இந்த ஊசலின் முதல் அசைவு.

நாவலின் எல்லை

இந்நாவலின் சிறப்பைக் கூறும்போது அதன் எல்லையையும் கூறுதல் முறை. அகப்பாடல்களில் பிரிவின் முழுச்சுமையும் தலைவியின் கூற்றில் வெளிப்படுகிறது. முல்லைத் தலைவியின் ஆற்றாமை, தோழியோடு அவள் கொள்ளும் ஊடாட்டம், பொழுது கண்டு இரங்குதல் ஆகியவை இல்லையெனில் அத்திணையே இல்லை. சிங்காரத்தின் நாவலில் மரகதத்துக்கு அத்தகைய கூற்றுவெளி கிடைக்கவில்லை. செல்லையாவுக்கு மாணிக்கம் உண்டு. மரகதத்துக்குத் தோழி இல்லை. போர் செல்லையாவை என்ன செய்தது என்பதை நாவல் நுட்பமாகக் காட்டுகிறது. குண்டுவீச்சையும் ஆக்கிரமிப்பையும் பஞ்சத்தையும் ஊரில் இருந்தே கடந்த ஓர் இளம்பெண்ணைப் போர் என்ன செய்தது என்பதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டுவதில்லை. லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் மலேயாத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படைப்பிரிவில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய காலம் அது. அதே காலத்தில் வாழ்ந்த மரகதம் அந்தக் காற்றால் சிறிதும் அசையாதவளாகத் தோன்றுவது நாவலின் குறை என்றே கொள்ளவேண்டும். ஆடவனை மாற்றிய போர் பெண்ணை மாற்றாமல் விட்டது என்னும் நம்பிக்கையில் வானாயீனாவும் நாவலும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

இன்னொரு விடுபடலும் உண்டு. சயாம்–பர்மா ரயில்பாதையின் 415 கிலோமீட்டரில் பல்லாயிரக்கணக்கான மலேயாத் தமிழ்த் தொழிலாளர் மடிந்தனர். கடைப் பையனின் காதல் தோல்வியை மையத்தில் வைக்கும் நாவல், தோட்டத் தொழிலாளரின் அந்தப் பேரழிவை மையத்துக்குக் கொண்டுவருவதில்லை. ஆசிரியர் தாம் நன்கறிந்த வணிகர் உலகை எழுதினார் என்பது இதற்கு விளக்கமாகலாம். ஆயினும் அக்கரைத் தமிழரின் போர் நினைவு முழுவதையும் இந்நாவலில் தேடுவது தகாது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

போர்க்கால முதல் காதலைச் சொல்லும் புகழ்பெற்ற படங்களில் மரணம் காதலைக் காப்பாற்றுகிறது. இறந்தவன் என்றும் பத்தொன்பது வயதினன். ‘கடலுக்கு அப்பால்’ அந்த ஆறுதலை வாசகர்க்கு அளிப்பதில்லை. செல்லையா இறந்திருந்தால் வானாயீனாவின் குடும்பம் அவனை எண்ணிக் கண்ணீர் விட்டிருக்கும். உயிரோடு வந்ததனால் அவன் ஒரு சிக்கலாகிறான். முல்லையின் மீட்சியும் பாலையின் பொருளும் ஒருவனிடத்தில் மோதும்போது அகமரபு காட்டும் வழிகள் அனைத்தும் அடைபடுவதை இந்நாவல் காட்டுகிறது. பழைய திணைகளைப் புதிய நிலத்தில் நட்டுப் பார்த்த ஆசிரியர், அவை வேர்கொள்ளாத இடத்தைக் கண்டு எழுதியுள்ளார் என இதனைத் தொகுத்துரைக்கலாம்.

இந்த வாசிப்பு காதல் கதை ஒன்றின் விளக்கத்தோடு நிற்கவேண்டியதில்லை. போரிலிருந்து உயிரோடு மீண்டும் தம் பழைய இடத்தைத் திரும்பப் பெறாதவர்கள் இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் வரலாற்றில் பலர். ஈழப்போருக்குப் பின் எழுதப்படும் கதைகளிலும், முன்னாள் போராளிகள் திருமணத்துக்கும் வேலைக்கும் தகுதியற்றவர்களாக மதிப்பிடப்படும் சூழல் பேசப்படுகிறது. இறந்தவர்க்கு நடுகல் எழுப்பிய மரபு நம்முடையது. மீண்டவனுக்கு என்ன செய்வது என்பதற்கு அம்மரபிடம் ஆயத்தமான விடை இல்லை. சிங்காரமும் விடை கூறவில்லை. வட்டிக்கடையின் வாசலில் அவனை நிறுத்தி, உள்ளே அழைக்கவும் முடியாத, வெளியே தள்ளவும் மனமில்லாத அந்த வீட்டாரின் முகங்களைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். பின்வந்த மீண்டோர் கதைகளை வாசிக்க அந்த வாசல் இன்றும் ஏற்ற இடமாக உள்ளது.